தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பதிவில் வரும் லாங் ஐலண்ட், நான் இப்போது குப்பை கொட்டிக்கொண்டிருக்கும் நியூயார்க் லாங் ஐலண்ட் இல்லை. அந்தமானில், நடு அந்தமானின் கிழக்குக் கரையை ஒட்டி ஒரு சின்னத் தீவு இருக்கிறது. அதற்கும் லாங் ஐலண்ட் என்றுதான் பெயர். நான் வளர்ந்தது அங்கே. "லாங் ஐலண்ட்ல வளர்ந்தேன், லாங் ஐலண்ட்ல வேலை பாக்குறேன்" என்று ஆபீசில் சொன்னால், "அப்போ ஊரை விட்டே போகலையா?" என்று கேட்கிறார்கள். என்னத்தைச் சொல்ல!

விஷயம் இதுதான். வீட்டில் ஆள் இருக்கும்போது வாசல் கதவைப் பூட்ட வேண்டுமா, வேண்டாமா? சின்ன விஷயம் என்று நினைப்பீர்கள். எங்கள் வீட்டில் மூன்று வருஷமாக ஓடிய சண்டை இது.

அப்பா போன பிறகு அம்மா எங்களோடு ஹிக்ஸ்வில்லுக்கு வந்துவிட்டாள். வயது 78. பகலில் நானும் தங்கமணியும் வேலைக்கு, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு. அம்மா தனியே. கதவைப் பூட்டவே மாட்டாள். சாத்துவாள், அவ்வளவுதான். தங்கமணி சாயங்காலம் வந்து சாவியை நுழைக்கும்போது கதவு தானாகத் திறந்துகொள்ளும். "அத்தை, இது நம்ம ஊரு இல்ல" என்பாள். அம்மா, "நான் வீட்டுலதானேம்மா இருக்கேன். ஆள் இருக்கிற வீட்டுக்கு எதுக்குப் பூட்டு?" என்பாள்.

தங்கமணியின் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 2011-லிருந்து 2014 வரை ஜார்ஜியா, நியூயார்க், ஒஹாயோ, மிச்சிகன், டெக்சஸ் என்று பல மாநிலங்களில் ஒரு கும்பல் நம்மவர்கள் வீடுகளாகப் பார்த்துப் புகுந்தது. ஆள் இல்லாத நேரத்தில் இல்லை. ஆள் இருக்கும்போதே துப்பாக்கியோடு வந்து, கட்டிப்போட்டு நகையை எடுத்தார்கள். நம் வீட்டில் தங்கம் இருக்கும் என்பது ஊரறிந்த ரகசியம். அதற்குப் பிறகு எங்கள் வட்டாரத்தில் எந்தப் பிறந்தநாள் விழாவுக்குப் போனாலும் சாம்பார் வாளி வருவதற்குள் காமிரா, அலாரம், பூட்டு என்று பேச்சு ஆரம்பித்துவிடும்.

ஆக, தினமும் காலையில் கிளம்பும்போது நான் சொல்லிச் சொல்லி அம்மாவைப் பழக்கினேன். "பூட்டிக்கோம்மா. செயினையும் மாட்டிக்கோ." பழகிவிட்டாள்.

ஒரு பிப்ரவரி மத்தியானம் சமையலறையில் வழுக்கி விழுந்தாள். போன் ஹாலில். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு பஞ்சாபிப் பாட்டி ஓடி வந்தார். அவரிடம் எங்கள் வீட்டுச் சாவி இருக்கிறது. பூட்டைத் திறந்தும் விட்டார். ஆனால் உள்ளே செயின். நாலு விரல் அகலத்துக்குமேல் கதவு விலகவில்லை. அந்த இடுக்கு வழியாக அம்மாவின் கால் தெரிகிறது, போக முடியவில்லை. தீயணைப்பு வண்டி வந்து செயினை வெட்டி உள்ளே போக நாற்பது நிமிஷம் ஆனது. மணிக்கட்டு எலும்பு முறிவோடு போயிற்று. இடுப்பாக இருந்திருந்தால்?

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பாதி வாழ்க்கையைக் கதவு பூட்டாத ஊரில் கழித்தவள். அவளுக்குச் செயின் மாட்டப் பழக்கியவன் நான். சரி, அந்த ஊரில் ஏன் யாரும் பூட்டவில்லை? இத்தனை வருஷத்தில் இதை நான் யோசித்ததே இல்லை. நல்ல மனிதர்கள், அதனால் பூட்டவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். புத்தகங்களைப் புரட்டிய பிறகு விஷயம் அவ்வளவு லேசாக இல்லை என்று தெரிகிறது.

அப்பா வனத்துறையில் இருந்தார். எங்களுக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸ் மரப்பலகை வீடு, தகரக் கூரை. வாசல் கதவுக்கு ஒரு கொண்டி இருந்தது. மழைக்காற்று அடிக்கும்போது மட்டும் அதை மாட்டுவோம். வெளியே போகும்போது அம்மா கதவை ஒருக்களித்துச் சாத்தி, வாசல்படியில் விளக்குமாறைக் குறுக்கே வைப்பாள். நாய் நுழையாமல் இருக்க என்பாள் (எந்த நாயும் அந்த விளக்குமாறை மதித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை). அடுத்தவர்கள் அதைப் பார்த்து வீட்டில் ஆள் இல்லை என்று புரிந்துகொண்டு போவார்கள்.

தீவில் கார், பஸ் எதுவும் கிடையாது. ராங்கத் பக்கம் போக யெரட்டா ஜெட்டிக்குப் படகு, போர்ட் பிளேருக்குக் கப்பல். (2024-ல் போர்ட் பிளேரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள். அம்மா வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான்.) யார் வந்து இறங்குகிறார்கள், யார் ஏறுகிறார்கள் என்பது ஜெட்டியில் நிற்கும் பத்துப் பேருக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி. அப்போது பிளைவுட் தொழிற்சாலை ஓடிக்கொண்டிருந்தது. வேலைக்கு வந்தவர்கள் வங்காளி, தெலுங்கர், மலையாளி, நம்மவர்கள், அப்புறம் ராஞ்சிக்காரர்கள். சோட்டாநாக்பூரிலிருந்து காட்டு வேலைக்கு 1918 முதல் கொண்டுவரப்பட்டவர்களின் வம்சம். எல்லோருக்கும் ஊர் எங்கேயோ. எல்லோருக்கும் ஒரே ஜெட்டி.

ஒருமுறை எங்கள் வீட்டு பிரஷர் குக்கர் காணாமல் போனது. அம்மா யாரிடமும் புகார் சொல்லவில்லை. தண்ணீர்க் குழாயடியில் "குக்கர் இல்லாம பருப்பு வேகவே மாட்டேங்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். இரண்டு நாள் கழித்துக் குக்கர் வராந்தாவில் இருந்தது, கழுவி வைத்து. எடுத்தவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? வீட்டில் வைத்துச் சமைத்தால் விசில் ஊருக்கே கேட்கும். விற்கப் படகேற வேண்டும். கையில் குக்கரோடு ஜெட்டியில் நிற்க வேண்டும்.

ஆக, எங்கள் ஊருக்குப் பூட்டு இருந்தது. கடல்தான் பூட்டு. இதை முதலில் கண்டுபிடித்தவர்கள் நாங்கள் இல்லை, வெள்ளைக்காரர்கள்.

1857 கலகத்துக்குப் பிறகு, 1858 மார்ச் 10-ஆம் தேதி, ஜே.பி. வாக்கர் என்ற டாக்டர் 200 கைதிகளோடு அந்தமானில் வந்து இறங்கினார். மதில் கட்ட வேண்டிய செலவு இல்லை. சுற்றிலும் கடல், உள்ளே காடு. தப்பித்தவர்கள் பலர் காட்டில் பட்டினியிலும் அம்பிலும் செத்தார்கள், சிலர் திரும்பி வந்து பிடிபட்டுத் தூக்கில் தொங்கினார்கள்.

அடுத்த ஐம்பது வருஷத்தில் அந்தக் குடியேற்றத்துக்கு ஒரு விதிமுறை உருவானது. படிக்கும்போது எனக்கு ஆச்சரியமாக இருந்தது, ஏனென்றால் அது முழுக்க முழுக்கத் தாழ்ப்பாளின் கதை. 1900-ஐ ஒட்டிய காலத்து விதி இப்படி. ஆயுள் தண்டனைக் கைதி வந்ததும் முதல் ஆறு மாதம் செல்லில் தனிமை. அடுத்து ஒன்றரை வருஷம் வேறு சிறையில், மற்றவர்களோடு சேர்ந்து கடும் உழைப்பு. பிறகு மூன்று வருஷம் பகலில் வெளியே கூட்டமாக வேலை, ராத்திரி பாரக்கில் அடைத்துப் பூட்டு. அதற்குப் பிறகு ஐந்து வருஷம் கொஞ்சம் லேசான வேலை, சில சில்லறைப் பொறுப்புகள், கையில் சொற்பக் காசு. ஆக மொத்தம் பத்து வருஷம் ஒழுங்காகக் கழித்தால் ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். அதற்குப் பிறகு அவர் தன் கையால் பிழைத்துக்கொள்ளலாம். கிராமத்தில் நிலம் பயிரிடலாம், மாடு வைத்துக்கொள்ளலாம், கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம், ஊரிலிருந்து குடும்பத்தை வரவழைக்கலாம். முதன்முறையாகத் தன் வீட்டுக் கதவைத் தானே உள்ளேயிருந்து சாத்தலாம். தீவை விட்டு மட்டும் போகக் கூடாது.

செல்லுலார் ஜெயிலுக்குப் போனவர்கள் அந்தத் தாழ்ப்பாளைப் பார்த்திருப்பீர்கள். 1896-லிருந்து 1906 வரை கட்டியது. ஏழு சிறகுகள், 690-க்கு மேற்பட்ட செல்கள். இப்போது மூன்று சிறகுகள்தான் மிச்சம். செல் கதவின் இரும்புத் தாழ் கதவோடு முடிவதில்லை. நீண்டு போய், பக்கச் சுவரில் குடைந்த ஒரு மாடத்துக்குள் மாட்டிக்கொள்ளும். உள்ளேயிருப்பவன் கம்பி வழியாகக் கையை எவ்வளவு நீட்டினாலும் எட்டாது. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் போனபோது நாங்கள் ஒவ்வொருத்தராக உள்ளே நின்று கையை விட்டுப் பார்த்தோம். வாத்தியார் வெளியே நின்று சிரித்துக்கொண்டிருந்தார். என் முறை வந்தபோது யாரோ விளையாட்டுக்குத் தாழைத் தள்ளிவிட்டான். அரை நிமிஷம்தான் இருக்கும். அந்த அரை நிமிஷம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

1901 கணக்கெடுப்பின்போது குடியேற்றத்தில் ஏறத்தாழ 16,000 பேர். அதில் சுமார் 12,000 பேர் தண்டனைக் கைதிகள். பெரும்பாலும் கொலை, கொள்ளை. நம் ஊரில் யாருக்குப் பயந்து கதவைப் பூட்டுகிறோமோ அவர்களே நாலில் மூன்று பேர்! ஆனால் அதே ஊரில் அதிகாரிகளின் பங்களாக்களில் சமையல், தோட்டம், பிள்ளை பார்ப்பது எல்லாம் கைதிகள்தான் செய்தார்கள். கொலைக் கேஸில் வந்தவனிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு அதிகாரியின் மனைவி நிம்மதியாக இருந்தாள். அவன் எங்கே போய்விடுவான்?

சில சமயம் கணக்குத் தப்பும். 1872 பிப்ரவரி 8, வைஸ்ராய் மேயோ பிரபு ஹோப் டவுன் ஜெட்டியில் இருட்டும் நேரத்தில் கத்திக்குத்துப்பட்டுச் செத்தார். சுற்றிலும் காவல். குத்திய ஷேர் அலி நன்னடத்தைக்காக நடமாடும் உரிமை பெற்று, அங்கே முடிதிருத்திக்கொண்டிருந்தவன்.

அந்தமானில் வீட்டுக்குள் ஆள் இருக்கும்போது தாழ்ப்பாள் போட்டு, அதுவும் போதாமல் பயந்து கிடந்த காலம் என்றால் அது ஜப்பான்காரன் காலம். 1942 மார்ச் 23-இல் வந்து இறங்கினார்கள். ஆரம்ப நாட்களிலேயே சிப்பாய்கள் கோழி துரத்திக்கொண்டு வீடுகளுக்குள் நுழைந்தார்கள். ஜுல்ஃபிகர் அலி என்ற இளைஞர் பொறுக்க முடியாமல் ஏர்கன்னால் சுட்டார். யாரும் சாகவில்லை. அவரைக் கண்டுபிடிக்க வீடுகளைக் கொளுத்தினார்கள். கடைசியில் ஊர் பார்க்க அவரைக் கொன்றார்கள். அடுத்த மூன்றரை வருஷம் ராத்திரியில் கதவைத் தட்டும் சத்தம் என்றால் என்ன என்று போர்ட் பிளேரின் பழைய குடும்பங்களுக்குத் தெரியும். அந்த வீட்டுப் பெரியவர்கள் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

இதைப் படித்தபோதுதான் எனக்குச் சிலப்பதிகாரத்துக் கீரந்தை ஞாபகம் வந்தான். கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் சொல்லும் கதை. மனைவியைத் தனியே விட்டு வெளியூர் போகும் கீரந்தை, அரசனுடைய காவலைவிட நல்ல வேலி வேறெதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போகிறான். பாண்டியன் ஒருநாள் அந்த வீட்டுக் கதவைத் தட்டிவிடுகிறான். உள்ளேயிருப்பவள் அந்த வேலி இன்றைக்குக் காக்காதோ என்று நடுங்குகிறாள். குற்றம் தன்னுடையது என்று உணர்ந்த பாண்டியன் தட்டிய கையை வெட்டிக்கொள்கிறான். பிறகு பொற்கை வைத்துக்கொண்டானாம். சந்தேகம் அவள்மேல் விழாமல் இருக்கத் தெருவில் எல்லாக் கதவையும் தட்டினான் என்று சின்ன வயதில் அம்மா நீட்டிச் சொல்லுவாள். கையை வெட்டிக்கொள்ளும் ராஜா கிடைத்தால் நானும் தாழ்ப்பாளைக் கழற்றிவிடுவேன்!

ராஜா இல்லாத காலத்தில் நம் ஊரில் என்ன செய்தார்கள்? அப்பாவுக்குச் சொந்த ஊர் மதுரை மாவட்டம், திருமங்கலம் பக்கம். அப்பத்தா வீட்டு வாசல் கதவில் உள்பக்கம் ஒரு கணையமரம் உண்டு. சுவருக்குச் சுவர் போகும் கட்டை. நான் பார்த்த காலத்தில் அதில் துண்டு காயப்போட்டிருப்பார்கள். அந்தப் பக்கம் பூட்டைவிடக் காவலைத்தான் நம்பினார்கள். ஊர் காவல்காரருக்கு வருஷத்துக்கு இவ்வளவு தானியம், இவ்வளவு பணம் என்று கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு திருட்டுப் போனால் அவர் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஈடு கட்ட வேண்டும். காவல் கூலி கொடுக்காத வீட்டில் மாடு காணாமல் போகும். துப்புக்கூலி கொடுத்தால் திரும்பி வரும். இன்றைக்கு நாம் அலாரம் கம்பெனிக்கு மாதச் சந்தா கட்டுகிறோம். வித்தியாசம், அலாரம் கம்பெனி ஈடு கட்டாது.

கம்பெனிக்காரனுக்கும் பிறகு வந்த வெள்ளை அரசாங்கத்துக்கும் இந்தக் காவல் பிடிக்கவில்லை. போலீஸ் தன்னுடையதாக மட்டும் இருக்க வேண்டும். காவல்காரர்களே ஒரு கட்டத்தில் குற்றவாளிகள் ஆனார்கள், தனித்தனி ஆளாக இல்லை, சாதியாக. 1871-இல் வடக்கே வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கு வந்தது. பிரமலைக் கள்ளர்களுக்கு அது ரேகைச் சட்டம். பதிவான ஆண்கள் ராத்திரி போலீஸ் ஸ்டேஷனில் வந்து ஆஜராக வேண்டும். கல்யாணமாகி ஒரு வாரம் ஆன மாப்பிள்ளையானாலும் சரிதான். தன் வீட்டில் தாழ்ப்பாள் போட்டுத் தூங்கும் உரிமை சட்டப்படி அவர்களுக்கு இல்லை. கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸ் சுட்டது. பதினாறு பேருக்குக் குறையாமல் செத்தார்கள், மாயக்காள் என்ற பெண் உட்பட. சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் இந்தச் சட்டம் போனது.

அப்பா இதையெல்லாம் சொல்லி நான் கேட்டதில்லை. ஒன்று மட்டும் சொல்லுவார். அந்தமானுக்கு வந்து ஃபெரார்கஞ்ச் பக்கம் பாந்து குடும்பங்களைப் பார்த்தபோது, "இவங்களும் நம்மூர்க் கதைதான்" என்று நினைத்தாராம். பாந்துகள் ஐக்கிய மாகாணத்தில் அதே சட்டத்தின் கீழ் வந்தவர்கள். 1924-இல் தூக்கிலிடப்பட்ட கொள்ளைக்காரன் சுல்தானாவின் இனம். 1920-களின் பிற்பகுதியில் அவர்களைக் குடும்பம் குடும்பமாக அந்தமானில் கொண்டுவந்து இறக்கினார்கள், சால்வேஷன் ஆர்மியின் மேற்பார்வையில். பேரப்பிள்ளைகள் விவசாயம், அரசாங்க வேலை, வாத்தியார் உத்தியோகம் என்று இருந்தார்கள். பரம்பரைக் குணம் எங்கே போயிற்று என்று அந்தச் சட்டம் எழுதியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

இதுவரை எழுதியது எனக்குச் சுலபமாக இருந்தது. இனிமேல் எழுதப்போவது இல்லை.

எங்கள் லாங் ஐலண்டில் கதவு திறந்து கிடந்தது. ஆனால் படகேறி நடு அந்தமானுக்குள் போய் கதம்தலா பக்கம் அப்பா முகாம் போட்டால், அங்கே சாயங்காலமே கதவு சாத்திவிடுவார்கள். ஜாரவா பயம். மேற்குக் கரைக் காடு அவர்களுடையது. 1950-களில் அகதிகளாக வந்த வங்காளிகளுக்குக் காடு வெட்டி நிலம் கொடுத்தபோது அந்த நிலம் அவர்கள் காட்டை இடித்துக்கொண்டுதான் இருந்தது. ராத்திரியில் வருவார்கள். வாழைத்தார், பாத்திரம், முக்கியமாக இரும்பு. அம்பு முனைக்கு. எதிர்ப்பட்டால் அம்பு பாயும். புஷ் போலீஸ் காவல் இருந்தும் அந்தமான் டிரங்க் ரோடு போட்ட காலத்தில் வேலையாட்கள் செத்தார்கள். அவர்கள் பக்கம் எத்தனை பேர் செத்தார்கள் என்று எண்ண ஆள் இல்லை. எனக்குச் சின்ன வயதில் சோறு ஊட்டும்போது அம்மா சொன்ன பூச்சாண்டி ஜாரவாதான். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

இத்தனை வருஷம் கழித்துக் கேட்டுப்பார்க்கிறேன். யார் வீட்டுக்குள் யார் நுழைந்தது? அவர்கள் குடிலுக்குக் கதவு கிடையாது, பூட்டும் கிடையாது. 1956-இல் சட்டம் போட்டு மறுவருஷம் ஒதுக்கிக் கொடுத்த காட்டின் நடுவே நாம் ஒரு தார் ரோடு போட்டோம். என் அப்பா சம்பளம் வாங்கியது அந்தக் காட்டுத் துறையில். நான் படித்தது அந்த மரத்தில். 2002 மே மாதம் சுப்ரீம் கோர்ட் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தி, அந்த ரோட்டின் ஜாரவா பகுதியை மூடவும் சொன்னது. மர உத்தரவு நடைமுறைக்கு வந்தது. ரோட்டில் வண்டிகள் இன்றைக்கும் கான்வாயாகப் போய்க்கொண்டிருக்கின்றன.

1996-இல் காலொடிந்து கிடந்த ஒரு ஜாரவா இளைஞனைப் போர்ட் பிளேரில் மாதக்கணக்கில் வைத்து வைத்தியம் பார்த்து அனுப்பினார்கள். 1997 அக்டோபரில் அவர்கள் வில் அம்பு இல்லாமல், பட்டப்பகலில், சிரித்துக்கொண்டு கதம்தலா பக்கம் ஜெட்டிக்கு வந்தார்கள். ஊரே வேடிக்கை பார்த்தது. வாழைப்பழம், தேங்காய், துணி எல்லாம் கொடுத்தார்கள். 1999-இல் அவர்களுக்குத் தட்டம்மை வந்தது.

இது முதல் தடவை இல்லை. போர்ட் பிளேரிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் கப்பல் வழியில் ஸ்ட்ரெய்ட் தீவில் நிற்கும். ஒன்றிரண்டு பேர் இறங்குவார்கள். கிரேட் அந்தமானியர்கள் என்று அப்பா சொல்லுவார். அவ்வளவுதான், மேலே சொல்ல மாட்டார். 1858-இல் ஆயிரக்கணக்கில் இருந்தவர்கள். 1863-இல் ஹென்றி கார்பின் என்ற பாதிரியார் ராஸ் தீவில் அவர்களுக்காக ஒரு வீடு ஆரம்பித்தார். பெயரே அந்தமான் இல்லம். இல்லம் என்று பெயர், ஆனால் வெளியே காவல். ஓடினால் பிடித்துக்கொண்டு வருவார்கள். 1877-இல் தட்டம்மை அந்த இனத்துக்குள் நுழைந்தது. 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1961-இல் 19 பேர். பிறகு மிச்சமிருந்தவர்களைக் கொண்டுபோய் வைத்த இடம்தான் ஸ்ட்ரெய்ட் தீவு. அந்தக் கப்பலில் நான் எத்தனை தடவை போயிருப்பேன்! அந்த நிறுத்தத்தில் வடை வாங்கித் தின்றது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

இதைப் படித்த கண்ணோடு இந்த லாங் ஐலண்டையும் பார்த்தேன். எங்கள் ஹிக்ஸ்வில்லுக்குப் பக்கத்திலேயே லெவிட்டவுன். 1947-லிருந்து 1951-க்குள் உருளைக்கிழங்கு வயலில் வரிசையாக 17,447 வீடுகள் கட்டி யுத்தத்திலிருந்து வந்த சிப்பாய்களுக்குக் கொடுத்தார்கள். என்னோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் அங்கே பிறந்து வளர்ந்தவர். "அப்பல்லாம் நாங்க கதவே பூட்ட மாட்டோம்" என்று எங்கள் அம்மா மாதிரியே பெருமூச்சு விடுவார். ஆரம்பத்தில் அந்த வீட்டுப் பத்திரத்தில் ஒரு ஷரத்து இருந்தது. வெள்ளையர் தவிர வேறு யாரும் அங்கே குடியிருக்கக் கூடாது, வேலைக்காரர்கள் தவிர. இப்படிப்பட்ட ஷரத்துகளைக் கோர்ட்டு அமல்படுத்த முடியாது என்று 1948-இல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சொன்ன பிறகும் வருஷக்கணக்கில் கறுப்பர்களுக்கு விற்கவில்லை. வீட்டுக்கதவு திறந்திருந்தது. பூட்டு ஊர் எல்லையில் இருந்தது. இதை அந்தப் பெரியவரிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். நல்ல மனிதர். நமக்கு அங்கே கடல் எப்படியோ அப்படித்தான் அவருக்கு அந்தப் பத்திரம், கண்ணில் பட்டிருக்காது. இன்னும் சொல்லவில்லை.

நம் கிராமத்துத் திண்ணைகளும் இந்தக் கணக்கில் வரும்தானே? வழிப்போக்கன் வந்து படுத்துக்கொள்ளலாம் என்று பெருமையாகச் சொல்கிறோம். எந்தத் தெருத் திண்ணையில் எந்த வழிப்போக்கன் படுக்கலாம் என்பதைச் சொல்வதில்லை.

சரி, பூட்டலாமா வேண்டாமா என்ற கேள்விக்கு வருகிறேன், இல்லையென்றால் தங்கமணி "இவ்வளவு நீளமா எழுதி என்ன பண்ணினீங்க" என்று கேட்பாள்.

எங்கள் வீட்டில் இப்போது நடப்பது இதுதான். செயினைக் கழற்றிவிட்டேன். அது கள்ளனைத் தடுப்பதைவிட உதவிக்கு வருபவரைத்தான் நன்றாகத் தடுக்கிறது என்று தீயணைப்புக்காரரே சொல்லிவிட்டுப் போனார். கதவு பூட்டியிருக்கும், ஆனால் எண் அழுத்தித் திறக்கும் பூட்டு. எண் பஞ்சாபிப் பாட்டிக்கும் எதிர்வீட்டுக்காரருக்கும் தெரியும். உள்பக்கமும் சாவி போட்டால்தான் திறக்கும் வகை வேண்டவே வேண்டாம், தீ பிடித்தால் சாவியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. நிலநடுக்க ஊரில் இருப்பவர்கள் இன்னொன்றும் யோசிக்க வேண்டும். 1941 ஜூன் 26 நிலநடுக்கத்தில் செல்லுலார் ஜெயிலே சேதமானது. சட்டம் கோணினால் தாழ்ப்பாள் இறுகிவிடும், அப்புறம் இழுத்தால் வராது. 2004 டிசம்பர் 26 காலையில் லாங் ஐலண்டும் ஆடியபோது அப்பாவும் அம்மாவும் ஒரே தள்ளில் வெளியே வந்தார்கள். கொண்டி மாட்டியிருக்கவில்லை.

அம்மாவிடம் இந்த ஏற்பாட்டை விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ எண்ணு தெரிஞ்சவங்க எல்லாரும் வரலாம்?" என்றாள்.

"ஆமாம்மா. நாமளா பாத்துக் குடுத்தவங்க மட்டும்."

"நம்ம ஜெட்டி மாதிரி" என்றாள்.

பாத்ரூம் கதவுக்கு மட்டும் நாங்கள் சொன்னதை அவள் ஏற்கவில்லை. உள்ளே போனால் தாழ் போடாதே என்று நானும் தங்கமணியும் கெஞ்சினோம். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அது எப்படி என்றாள். ரெண்டு நாள் பேச்சே இல்லை. மூன்றாம் நாள் காலை பார்க்கிறேன், பாத்ரூம் கதவு சும்மா சாத்தியிருக்கிறது, உள்ளே தண்ணீர்ச் சத்தம். வெளியே கதவுக்குக் குறுக்கே ஒரு விளக்குமாறு.